செருப்பைக் கவ்வி ஓடும் லாப்ரடார் குட்டிக்கு எதை முதலில் கற்பிப்பது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் வரிசை வீடு. வேட்டை வேலைக்கான பரம்பரை என்று சொல்லி விற்கப்பட்ட, பதினொரு வாரமான கறுப்பு லாப்ரடார் ஆண் குட்டி. வீட்டுக்குள் உட்காரச் சொன்னால் உட்காருகிறது. வாசலில் கிடக்கும் செருப்பைக் கவ்விவிட்டாலோ யார் அழைத்தாலும் வருவதில்லை. துரத்தினால் இன்னும் உற்சாகமாக ஓடுகிறது. ஆறு மாதம் ஆகட்டும், அதுவரை விடு என்கிறார் உங்கள் அப்பா. இப்போதே இழுத்துப் பிடிக்காவிட்டால் கையை மீறிவிடும் என்கிறார் நண்பர். உட்கார், இரு, வா, கூட நட என்ற நான்கையும் எந்த வயதில், எந்த வரிசையில் கற்பிப்பது என்பது உங்கள் கேள்வி. வரிசை கேட்டாலும், உங்களை உண்மையில் உறுத்துவது அந்தச் செருப்புதான் என்று தோன்றுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இளவயதில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வேட்டைநாய்களைப் பழக்கும் பண்ணையொன்றில் வேலை பார்த்தேன். ஊர் திரும்பிய பின் பல ஆண்டுகளாகத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கத்திலும் வீட்டு நாய்களைப் பழக்கி வருகிறேன். என் கை பழகியது பெரும்பாலும் லாப்ரடார், ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் ஆகிய இரண்டில்தான். பாயிண்டர், வைமரானர் போன்ற பிற வேட்டைநாய் இனங்களை வைத்திருப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றின் வேலையே வேறு.

லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு உழைத்த நாய்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த பிரபுக்கள், சுட்டு விழுத்திய பறவைகளை எடுத்துவர வைத்தார்கள். 1903 இல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. இன்றும் அங்கே அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் பறவை வேட்டைப் பருவம். அதில் ஒரு நல்ல லாப்ரடார் என்ன செய்கிறது என்று பாருங்கள்: தலைக்கு மேல் துப்பாக்கி வெடிக்கிறது, சுற்றிலும் பறவைகள் விழுகின்றன; அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பெயர் சொல்லி அனுப்பினால் போகிறது, சமையலுக்கு உதவாதபடி நசுக்கிவிடாமல் மென்மையாகக் கவ்வுகிறது, நேரே எசமானர் கையில் கொண்டுவந்து தருகிறது. சும்மா இருப்பது, பதமாகக் கவ்வுவது, திரும்பி வருவது. இந்த இனத்துக்கான அடிப்படைப் பயிற்சி முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

மலேசியாவில் அந்த வேலைக்கு ஏறக்குறைய இடமே இல்லை. 1960 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971 ஆம் ஆண்டின் துப்பாக்கித் தண்டனைச் சட்டமும் எவ்வளவு கடுமையானவை என்பது எல்லோருக்கும் தெரியும். பாதுகாக்கப்பட்ட விலங்கை வேட்டையாட 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும். உங்கள் குட்டி ஒருநாளும் ஃபெசன்ட்டைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் வாய்க்குள் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அதன் இரத்தத்தில் இருக்கிறது. செருப்புகளை வாசலில் கழற்றிவிடும் நம் வீடுகளில் அந்த ஆசைக்குத் தீனி குறையவே குறையாது.

ஆகவே, செருப்போடு ஓடும் குட்டி தவறு செய்யவில்லை. பாதி வேலையைச் சரியாகச் செய்துவிட்டு, மீதிப் பாதியை இன்னும் கற்காமல் இருக்கிறது. துரத்திப் பிடித்து, தாடையைப் பிளந்து, அதட்டிப் பிடுங்கினால் மூன்று பாடங்களை ஒரே நேரத்தில் கற்பிக்கிறீர்கள்: மனிதர் அருகே வந்தால் பொருள் போய்விடும், ஆகவே தூரமாகப் போ; பிடுங்குவார்கள், ஆகவே அழுத்திக் கவ்வு; முடிந்தால் விழுங்கிவிடு. காலுறையை விழுங்கி அறுவைச் சிகிச்சை வரை போன லாப்ரடார்களைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் எல்லோரிடமும் கதை உண்டு. செய்ய வேண்டியது இதுதான். தரையில் குந்தி உட்காருங்கள், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள், இனிமையாகக் கூப்பிடுங்கள். நேரே முகத்துக்கு முகம் நின்று கையை நீட்டாதீர்கள். அருகே வந்ததும் செருப்பைத் தொடாதீர்கள். நெஞ்சையும் தோளையும் தடவிக்கொடுங்கள், சில நொடிகள் அது பெருமையோடு வைத்திருக்கட்டும். பிறகு மூக்கருகே ஒரு துண்டு கோழி இறைச்சியைக் காட்டினால் வாய் தானாகத் திறக்கும். வரவில்லையென்றால் எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள்; குட்டிகள் ஓடுகிறவரைத் துரத்தாமல் இருக்கமாட்டா. அதோடு, செருப்பு அலமாரிக்கு ஒரு கதவு போடுங்கள். பயிற்சி என்ற பெயரில் விலையுயர்ந்த செருப்பைச் சோதனைக்கு வைக்க வேண்டியதில்லை.

கயிறு இழுக்கும் விளையாட்டை வேட்டைநாய் பழக்குபவர்கள் காலங்காலமாக விலக்கி வந்திருக்கிறார்கள்; அழுத்திக் கவ்வும் பழக்கம் வரும் என்பது காரணம். இது எல்லா நாய்க்கும் பொருந்தும் உண்மை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இழுத்து விளையாடியும் முட்டையைக்கூட உடையாமல் ஏந்திவரும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் பல் முளைத்து முடியும் வரை தவிர்ப்பதில் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

இனி வரிசை. முதல் பாடம் திரும்பி வருவது. உட்காருவது அன்று. உட்காரும் நாய் வீட்டுக்குள் அழகு. திரும்பி வரும் நாய்தான் சாலையில் உயிரோடு இருக்கும். இதற்கு நான் விசில் பயன்படுத்துகிறேன். மனிதக் குரலில் கோபமும் களைப்பும் ஏறிவிடும். விசில் அப்பா ஊதினாலும் நீங்கள் ஊதினாலும் ஒன்றுதான். பர்மிங்காமில் செய்யப்படும் அக்மே பிளாஸ்டிக் விசிலைத்தான் பெரும்பாலோர் வைத்திருப்பார்கள். அதில் எண் பொறித்திருக்கும், ஒரே எண் என்றால் ஒரே சுருதி. தொலைந்தால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். லாப்ரடாருக்கு 211.5, ஸ்பேனியலுக்கு 210.5 என்பது வழக்கம். அது வழக்கம் மட்டுமே, உங்கள் குட்டிக்கு எந்த எண்ணும் சரி. இரண்டாவது விசில் ஒன்றை ஆணியில் மாட்டி வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் தொடங்குங்கள். அம்மா குட்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் கூடத்தின் மறுமுனையில் தட்டோடு நில்லுங்கள். அம்மா விட்டதும் அது உங்களை நோக்கி ஓடிவரும். வந்துகொண்டிருக்கும்போதே குட்டையாக மூன்று நான்கு முறை ஊதுங்கள். அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் செயலுக்கு ஓர் ஒலியை ஒட்டுகிறீர்கள், அவ்வளவுதான். சில நாட்கள் எல்லா வேளைச் சாப்பாட்டுக்கும் இப்படிச் செய்தால், பின்னால் வேறு அறையிலிருந்து ஊதினாலும் பறந்து வரும். அங்கிருந்து பின்கட்டு, பிறகு வேலியிட்ட முன்வாசல், பிறகு நீளக் கயிற்றில் ஆள் நடமாட்டமில்லாத திடல். வீட்டுக்குள் கற்றது திடலில் தானாகச் செல்லுபடியாகாது. ஒவ்வொரு புதிய இடத்திலும் எளிதான நிலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். குட்டி கெட்டுப்போய்விட்டது என்று இந்த இடத்தில்தான் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வந்தவுடன் கழுத்துப்பட்டையை மெல்லத் தொடுங்கள், தீனி கொடுங்கள், மீண்டும் விளையாட விட்டுவிடுங்கள். குளிப்பாட்டவும் கூண்டில் அடைக்கவும் திட்டவும் ஒருபோதும் விசில் ஊதக்கூடாது. அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கி வாருங்கள். வராது என்று தெரிந்த நேரத்திலும் ஊதாதீர்கள். காலை ஏழு மணிக்கு வரிசை வீட்டு வாசலில் நின்று முழுமூச்சாக ஊதினால் நாய்க்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். மெல்ல ஊதுங்கள், குட்டியின் காதுக்கு அது போதும்.

இரண்டாவது, உட்காருவதும் அப்படியே இருப்பதும். சாப்பாட்டுத் தட்டை அதன் தலைக்கு மேலே பிடித்தால் அண்ணாந்து பார்க்கும், பின்பக்கம் தானாகத் தரையில் படியும். இடுப்பை அழுத்த வேண்டாம், வளரும் மூட்டு. உட்கார்வது உறுதியான பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லுங்கள், ஆனால் வீட்டில் அனைவரும் ஒரே சொல்லை ஒரே ஒரு முறை சொல்லட்டும். பத்து முறை சொல்லிப் பழக்கினால் பத்தாவது முறைதான் உட்கார வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு தட்டை மெதுவாகக் கீழே இறக்குங்கள். எழுந்தால் தட்டு மேலே போகும், உட்கார்ந்தால் இறங்கும். ஒரு சொல்கூடத் தேவையில்லை, இரண்டு நாளில் புரிந்துகொள்ளும். முதலில் ஒரு நொடி, பிறகு மூன்று, பிறகு ஐந்து. வேட்டைநாய்ப் பயிற்சியில் ‘இரு’ என்ற தனிக் கட்டளை பலரிடம் கிடையாது. உட்கார் என்றால், வேறு சொல்லும்வரை உட்கார்ந்திருப்பது என்றே பொருள். ஒரு நுணுக்கத்தை மட்டும் விடாதீர்கள்: உட்காரவைத்துவிட்டு விலகிப் போனால், அங்கிருந்து கூப்பிடாமல் நீங்களே திரும்பிப் போய் அருகில் நின்று தீனி கொடுங்கள். எப்போதும் தூரத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அது எப்போது கூப்பிடுவார்கள் என்று பாதி எழுந்த நிலையிலேயே காத்திருக்கும். பின்னாளில் நீளமாக ஒரே ஊதலாக விசில் ஊதினால் நின்ற இடத்தில் உட்காருவது என்ற பாடமும் இதன் மேல்தான் கட்டப்படுகிறது.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் வரிசையில் மலாய்க் குடும்பங்களும் இருப்பார்கள். நாயின் ஈரமான மூக்கும் எச்சிலும் பட்டால் அவர்கள் சமயமுறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும். லாப்ரடாரோ எதிரே வரும் எல்லோரையும் நக்க வேண்டும் என்று நினைக்கும் பிறவி. இதற்கும் அந்த உட்காரும் பாடமே மருந்து. யாராவது எதிரே வந்தால் நடைபாதையின் ஓரத்துக்கு ஒதுங்கி, குட்டியை உங்கள் காலருகே உட்காரவைத்து, அவர் கடந்து போகும்வரை சிறு சிறு துண்டாகத் தீனி கொடுங்கள். துப்பாக்கி வெடிக்கும்போது அசையாமல் இருப்பதற்கு அங்கே தரும் அதே பயிற்சி இங்கே உணவு கொண்டுவரும் மோட்டார்சைக்கிளுக்கும், பூனைக்கும், கால்வாயிலிருந்து ஏறிவரும் உடும்புக்கும் பொருந்துகிறது. குழந்தைகள் அழகாக இருக்கிறது என்று ஓடிவந்து தடவும்போது மறுக்கச் சங்கடமாக இருக்கும். நாலு பாதமும் தரையில் இருந்தால் மட்டும் தடவலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்பா சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. பழைய முறையில் வேட்டைநாய்ப் பயிற்சியை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கினார்கள். அந்த முறை கண்டிப்பை நம்பியிருந்தது. சிறு குட்டி அதைத் தாங்காது என்பதால் காத்திருந்தார்கள். தீனி கொடுத்துப் பழக்குவதற்கு எட்டு வாரக் குட்டியே போதும். காத்திருந்தால் ஒரு பெரிய இழப்பும் உண்டு: மூன்று வாரம் முதல் சுமார் பதினான்கு வாரம் வரைதான் குட்டி புதிய மனிதர்களையும் ஒலிகளையும் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் காலம். உங்கள் குட்டிக்கு அதில் சில வாரங்களே மிச்சம். தடுப்பூசி வரிசையோ பெரும்பாலும் பதினாறு வாரத்தில்தான் முடியும். அதனால் வெளியே தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். சந்தை முனை, பஸ் நிறுத்தம், கோயில் மணி கேட்கும் தூரம் என்று பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். பார்வோ கிருமி குட்டிகளைக் கொல்லும். வெறிநாய்க்கடி நோய் 2015 இல் பினாங்கிலேயே தலைகாட்டியது. எலி நடமாடும் கால்வாய் நீரால் வரும் லெப்டோஸ்பைரா தொற்றுக்கான தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரைக் கண்டால் லாப்ரடார் தாண்டிப் போகாது.

பயிற்சி நேரம் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. குட்டி இன்னும் கேட்கும்போதே நிறுத்துங்கள். தீனியை அன்றாடச் சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இனம் எளிதில் பருத்துவிடும்.

கூட நடப்பதை இப்போது முறையாகக் கற்பிக்கச் சொல்லமாட்டேன். இதில் பழக்குபவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சிலர் முதல் நாளிலிருந்தே இடது காலோடு ஒட்டி நடக்கவைக்கிறார்கள். சிறு குட்டியை ஒட்டியே வைத்தால் துணிந்து தூரம் போய்த் தேடும் ஆர்வம் மங்கிவிடும் என்கிறார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது பக்கம். ஐந்து ஆறு மாதம் வரை கயிறு இறுகினால் நின்றுவிடுவது, தளர்ந்தால் நடப்பது என்ற ஒன்றே போதும்.

எறிந்ததை எடுத்துவரும் விளையாட்டில்தான் அன்பினால் அதிகக் கெடுதல் செய்கிறோம். பந்தை முப்பது முறை எறிந்தால் குட்டி களைத்துத் தூங்கும், நமக்கும் நிம்மதி. ஆனால் அசையும் எதைக் கண்டாலும் பாய வேண்டும் என்பதே அதன் வேதமாகிவிடும். பிறகு சாலைக்குக் குறுக்கே ஓடும் பூனையைப் பார்த்து உட்காரச் சொல்லி என்ன பயன்? வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாளுக்கு ஒன்றிரண்டு எறிதல் போதும். வீட்டுக்குள் நீளமான நடைவழி இருந்தால் அதன் மூடிய முனையில் சுருட்டிய காலுறையை எறியுங்கள். எடுத்ததும் உங்களிடம் வருவதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது. பறவைக்குப் பதிலாக எறிந்து பழக்கும் துணிப் பொதியை டம்மி என்பார்கள்; பெரிய நாய்களுக்கானது சுமார் 450 கிராம் எடை, குட்டிகளுக்கானது அதில் பாதி. இரண்டும் இப்போது வேண்டாம். நான்கு மாத வாக்கில் பால் பற்கள் விழத் தொடங்கும். ஈறு வலிக்கும் அந்தக் காலத்தில், ஆறு மாதம் வரைக்கும், கவ்வும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். பிறகு தொடரும்போது எறிந்த நான்கில் மூன்றை அது உட்கார்ந்து பார்த்திருக்க நீங்களே போய் எடுத்து வாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வெயில் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. நியூஃபவுண்ட்லாந்துக் குளிருக்குத் தடித்த உள்ரோமத்தோடு வளர்க்கப்பட்ட நாய் இது. நம் ஈரக்காற்றில் மூச்சிரைப்பதால் கிடைக்கும் குளிர்ச்சியும் குறைவு. விடிந்தவுடன் அல்லது பொழுது சாய்ந்த பிறகு மட்டும் வெளியே பயிற்சி. புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் அது சூடு. மூச்சு அடங்காமல் இரைத்து, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்சிவந்து, கால் தள்ளாடினால் உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறி முன் வைத்து, குளிர்வித்தபடியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வயதின் ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து நிமிட நடை என்ற கணக்கை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதற்கு உறுதியான ஆய்வு ஆதாரம் கிடையாது. மூட்டுகள் முதிரும்வரை உயரத்திலிருந்து குதிப்பதையும் வழுக்கும் தரையில் ஓடுவதையும் தவிர்ப்பது மட்டும் நியாயமானது. வேட்டைப் பரம்பரை என்று விற்றவர் சொன்னதையும் ஒரு தடவை சரிபார்க்கலாம்: வம்சாவளித் தாளில் பெயர்களுக்கு முன் எஃப்.டி.சி.ஹெச். (FTCh) என்ற எழுத்துகள் இருந்தால் அந்த மூதாதை வேட்டைநாய்க் களப் போட்டிகளில் பட்டம் வென்றது. இருந்தால் கொஞ்சம் கூடுதல் துடிப்பை எதிர்பாருங்கள். இல்லாவிட்டாலும் பாடம் இதேதான்.

நண்பர் சொல்லும் கண்டிப்பு என்பது இறுகும் சங்கிலியோ மின்னதிர்ச்சிப் பட்டையோ என்றால் வேண்டாம் என்பேன். மின்பட்டையை வேல்ஸ் 2010 இலேயே தடை செய்துவிட்டது. வலிக்கும்போது குட்டி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதையே வலிக்குக் காரணமாக்கிக்கொள்ளும். அது பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருந்துவிட்டால்?

நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. செருப்போடு இருக்கும்போது அருகே போனால் குட்டி உடம்பை விறைத்துக்கொண்டு, கண்ணை ஓரமாக உருட்டி உறுமுகிறது என்றால் அது விளையாட்டன்று. பொருளைக் காக்கும் குணம். அதற்கு எழுத்தில் வைத்தியம் சொல்வது ஆபத்து, அனுபவமுள்ளவர் வந்து பார்க்க வேண்டும். மாநகர் மன்றத்தின் நாய் வளர்ப்பு உரிமத்தை இதற்குள் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக, வேட்டைநாய் இனம்தானே, வெடிச்சத்தம் பழகட்டும் என்று தீபாவளிக்கோ சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கும் இரவுக்கோ குட்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அந்த இரவில் ஜார்ஜ்டவுன் எப்படி அதிரும் என்று உங்களுக்கே தெரியும். துப்பாக்கி ஒலியைக்கூட இங்கிலாந்தில் வெகு தூரத்திலிருந்து, குட்டி சாப்பிட்டுக்கொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்கும்போது, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் நெருங்கவிடுவார்கள். ஒரே இரவில் மிரண்ட நாயை மீட்க ஆண்டுகள் ஆகலாம். அன்று இருட்டும் முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். உள்ளறையில் சன்னலை மூடி, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டு, கடித்து மெல்வதற்கு ஏதாவது கொடுத்து, யாராவது ஒருவர் கூடவே இருங்கள். அப்படியும் நடுங்கி ஒளிந்துகொள்கிறது என்றால் அடுத்த பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அச்சத்தைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன.